மாடில அவரை, காராமணி கொடி ஓட ஆரம்பிச்சிருச்சு, தரையில ஓட்டை போடாம எப்படிங்க ஏத்தறது?

திருப்பூர்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க திருப்பூர்ல வாடகை வீட்ல மேல்மாடில இருக்கோம். மொட்டைமாடிய தோட்டத்துக்கு வச்சுக்கோங்கன்னு ஓனர் சொல்லிட்டார், ஆனா ஒரே கண்டிஷன், தரையிலயோ கைப்பிடி சுவத்துலயோ ட்ரில் போடக் கூடாது ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது, மழைக்கு ஒழுகும்னு. அது நியாயந்தான், நானும் சரின்னுட்டேன். ஆடிப்பட்டத்துல கொடி அவரை மூணு பை, நீட்டுக் காராமணி மூணு பை போட்டேன், கோத்தகிரில இருந்து நாத்தனார் குடுத்த கொடி பீன்ஸ் விதை கொஞ்சம் இருந்துச்சு அதையும் ஒரு பைல ஊனி வச்சிருக்கேன். எல்லாமே 15க்கு 15 இன்ச் குரோ பேக், தேங்காய்நார் கழிவு, செம்மண், தொழுவுரம் கலந்தது.

இப்ப என்னன்னா எல்லாம் ஒரே நேரத்துல கொடி வீச ஆரம்பிச்சிருச்சுங்க. காராமணி துணி காயப்போடற கயித்த புடிச்சுட்டு போகுது, அவரை ஒண்ணு டிஷ் வயர்ல ஏறிருச்சு, ஓனர் பாத்தா என்ன சொல்வாரோ தெரியல. பக்கத்து வீட்டு அக்கா பாகக்காய்க்கு நைலான் வலை கட்டிருக்காங்க, அது பாட்டுக்கு ஜம்முனு ஏறுது. அதே வலைய வாங்கி நானும் ரெண்டு குச்சிக்கு நடுவுல கட்டி விட்டேன், ஆனா அவரை அதை புடிக்கவே மாட்டேங்குது, நான் எடுத்து கோத்து விட்டாலும் மறுநாள் காலைல கழண்டு கீழ தொங்குது. எங்க வீட்டுக்காரர் பிவிசி பைப் வாங்கி செட் பண்ணித் தரேங்கறார். வலையா, பைப்பா, கயிறா எதுங்க நல்லது? எவ்ளோ உயரம் வேணும்? ஆடிக்காத்து இன்னும் முழுசா நிக்கல, அதனால சாஞ்சு அடுத்த வீட்டு மேல விழுந்துருமோன்னு வேற பயமா இருக்கு.

---

அடையாறு_மாடிப்பச்சை:

செல்வி மேடம், வலைதான் பெஸ்ட், விட்டுடாதீங்க. நான் சென்னைல எல்லாத்துக்கும் வலைதான் போடுறேன். உங்க வலை தொளதொளன்னு இருந்திருக்கும், அதான் கொடி நிக்கல. மேலயும் கீழயும் ஒரு கம்பி கோத்து நல்லா இழுத்து கட்டுங்க, கட்டம் பெருசா கை நுழையற மாதிரி இருக்கணும், இல்லாட்டி காய் பறிக்கும்போது கை மாட்டும். பிவிசி பைப் ஃப்ரேம் ஓகே, நாலு எல்போ நாலு டீ ஜாயிண்ட் வாங்கினா வேலை முடிஞ்சுது.

---

பாரிவள்ளல்_பார்ட்2:

கொடி தவிக்குதுன்னா தேரை நிறுத்திட்டு இறங்கிப் போகணும், இதுதான் நம்ம ஊர் மரபு. தேர் இல்லேன்னா வீட்டுக்காரர் பைக் இருக்கும்ல, மாடிக்கு ஏத்திருங்க 😄 சரி சரி விஷயம் தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கப்பா, நானும் அவரை போட்டிருக்கேன், அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்.

---

கொழுகொம்பு:

செல்விம்மா, பாகக்காய்க்கு ஏறுன வலை அவரைக்கு ஏன் ஏறலன்னு நீங்க கேட்டதுலதான் விஷயமே இருக்கு, அதை முதல்ல புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வந்துரும். நான் பள்ளிக்கூடத்துல தாவரவியல் எடுத்தவன், இப்ப ரிட்டையர்டு, நாகர்கோவில் பக்கம். கொஞ்சம் நீளமா சொல்லுவேன், பொறுத்துக்கணும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பட்டாணி இதுக்கெல்லாம் பற்றுக்கம்பி உண்டு. எது தட்டுப்பட்டாலும் சுருண்டு புடிச்சுக்கும், நூல் குறுக்க போனாலும் சரி நெடுக்க போனாலும் சரி. அவரை, காராமணி, கொடி பீன்ஸ், சிறகவரை இதுங்களுக்கு அந்த மாதிரி புடிமானமே கிடையாது. தண்டுதான் தன்னையே கம்பைச் சுத்தி முறுக்கிக்கிட்டு ஏறுது. அதனால அதுக்கு வேண்டியது நேரா மேல போற ஒரு கம்பு அல்லது கயிறு. குறுக்க போற நூல்ல அது சுத்தாது, மேல சாஞ்சு படுத்துக்கும், காத்தடிச்சா சரிஞ்சுரும். உங்க வலைல நேர் நூலும் குறுக்கு நூலும் சமமா இருக்கு, போதாததுக்கு நைலான் வழவழன்னு வேற இருக்கும். கொடி நேர் நூலை கண்டுபுடிச்சு ஏறுறதுக்குள்ள குறுக்கு நூல் வந்து வழிய மறிக்கும். நீங்க கட்டுனதுல தப்பு ஒண்ணும் இல்ல, செடிக்கும் வலைக்கும்தான் பொருந்தல.

கொடி நுனி சும்மா நிக்காது, காத்துல துழாவிக்கிட்டு வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும். டார்வின் இதை மணிக்கணக்கா உக்காந்து பாத்து, பீன்ஸ் கொடி கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்துதுன்னு குறிச்சு வச்சிருக்காரு. உங்களுக்கும் பாக்கணும்னா, காலைல காபி குடிக்கையில நுனி எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க, ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா எதிர்ப்பக்கம் திரும்பி நிக்கும்.

இந்தச் சுத்துக்கு ஒரு திசை இருக்கு, நிறைய பேரு இதைக் கவனிக்கறதில்ல. அவரையும் காராமணியும் பீன்ஸும், மேல இருந்து பாத்தா கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தும். முன்னால நின்னு பாத்தா தண்டு இடது கீழ இருந்து வலது மேல ஏறும். நீங்க ஆசையா எடுத்து கம்புல சுத்தி விடும்போது மாத்திச் சுத்தினா, அது தன் போக்குல திரும்ப ஆரம்பிச்சு அவுந்துரும். ராத்திரியில கழண்டு விழுந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பூமத்திய ரேகைக்குக் கீழ போனா திசை மாறும்னு சிலர் சொல்றாங்க, அது கதை. எங்க நட்டாலும் அவரை அந்தப் பக்கந்தான். காச்சில் மாதிரி வள்ளிக்கிழங்கு வகையில சிலது இப்பிடியும் சிலது அப்பிடியும் சுத்தும்.

கம்பு எவ்வளவு தடிமன் வேணும்னா, விரல் கனத்துல இருந்து மண்வெட்டிப் புடி கனம் வரைக்கும் நல்லது. தென்னைமரம் மாதிரி பெருத்த தூண்ல இந்தக் கொடிகளால சுத்த முடியாது. சொரசொரப்பு முக்கியம். தொலி உரிக்காத சவுக்குக் கம்பு, மூங்கில் பிளாச்சு, தேங்காய்நார் கயிறு இது மூணும் அருமை. பிவிசி பைப்புல ரெண்டு அடி ஏறுன பிறகு, தன் பாரம் தாங்காம மொத்தமா வழுக்கிக் கீழ வந்து குவிஞ்சு கிடக்கும். பைப்புதான் போடுவேன்னு சார் சொன்னா, அது மேல தேங்காய்நார் கயிற்றை இடைவெளி விட்டுச் சுத்தி முடிச்சுப் போடச் சொல்லுங்க, அப்ப நிக்கும்.

---

திருப்பூர்_செல்வி:

ஐயா ரொம்ப நன்றிங்க!! இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வரேன், நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, டிஷ் வயர்ல ஏறுனது இடது கீழ இருந்து வலது மேலதான் போயிருக்கு. நான் சுத்தி விட்டது எல்லாமே அதுக்கு எதிர்ப்பக்கம். எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு காட்டினேன், பைப் ஆர்டரை நிறுத்திட்டார்.

---

உடுமலை_காட்டான்:

அம்மணி, ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. நான் பந்தல் போடற ஆளு, உடுமலைப் பக்கம் பாகலும் புடலையும் பந்தல்ல பண்றோம், வூட்டுக்கு அவரை வேலியோரம். உங்க கேள்வில ஒண்ணுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலைங்க, காத்து. எங்கூர்ல இருந்து உங்கூர் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துதான், ஆடில அடிக்கற அடி தெரியுமல்லங்க. கொடிய ஏத்தறது சுளுவு, ஏத்துன கொடியோட அந்தப் பந்தலை நிக்க வைக்கறதுதான் வேலை. இல தழைஞ்சு மூடுனப்புறம் அது பாய் விரிச்சாப்ல, மொத்தக் காத்தையும் வாங்கும். ஐப்பசில மழை வேற நனைச்சுதுன்னா கனம் எங்கியோ போயிரும். அதனால இப்ப கொடி சின்னதா இருக்கறதப் பாத்து குச்சி போதும்னு நினைக்காதீங்க, கார்த்திகைல எப்படி இருக்கும்னு நினைச்சுப் போடுங்க.

குரோ பேக்குள்ளயே கம்ப நட்டுருவோம்னு எல்லாரும் பண்றாங்க. பீன்ஸுக்கு சரி. அவரைக்கு ஆகாதுங்க. தேங்காய்நார் கலந்த மண்ணு பொதபொதன்னு இருக்கும், கம்ப புடிக்காது, ஆட்டி ஆட்டி வேரையும் கெடுக்கும், அழுத்தி நட்டா பையோட அடி கிழிஞ்சு தரையக் குத்தும், அப்புறம் ஓனர் வருவார்.

நாஞ்சொல்றத கேளுங்க. பெயிண்டு கடைல 20 லிட்டர் காலி வாளி கிடைக்கும், நாலு வாங்கிக்கோங்க. நடுவுல ரெண்டரை இன்ச் பிவிசி பைப்பு ஒரு முழம் வெட்டி நிமுத்தி வச்சு, சுத்தி சிமெண்டு ஜல்லி மணல் கலந்து ஊத்துங்க. காஞ்சா ஒரு வாளி 45 கிலோ கிட்ட நிக்கும். அந்தப் பைப்பு வாய்க்குள்ள சவுக்குக் கம்ப இறக்கி ஆப்பு வச்சுருங்க, கம்பு சிமெண்டுல நேரா பதியாததால அடி இத்துப் போகாது, அடுத்த வருசம் கம்ப மட்டும் மாத்திக்கலாம், வூடு மாத்துனா தூக்கிட்டும் போலாம். வெறும் மணல் ரொப்புனா வாளிக்கு 30 கிலோ சொச்சந்தான் வரும், கம்பும் ஆடும், பரவால்லன்னா செய்யுங்க. வாளிய மாடிக்கு நட்ட நடுவுல வைக்காதீங்க, கீழ சுவரு இல்லாட்டி பீம் வர்ற எடமாப் பாத்து ஓரத்துல வைங்க.

உயரம் உங்க கை எட்டற அளவுதான். ஆறு அடி, மிஞ்சிப்போனா ஆறரை. அதுக்கு மேல போட்டா காய் பறிக்க ஸ்டூல் போட்டு ஏறணும், மாடி ஓரத்துல அது வேண்டாத வேலை.

---

அடையாறு_மாடிப்பச்சை:

சவுக்கு, சிமெண்டு வாளின்னு இவ்ளோ தேவையா சார்? எங்க ஏரியால காராமணி வலைலதான் ஏறுது, நான் கண்ணால பாக்குறேன். வலைய அடியோட ஒதுக்கறது சரியில்ல.

---

கொழுகொம்பு:

அடையாறு தம்பி, காராமணி ஏறும், நான் மறுக்கல. அது கொஞ்சம் விறுவிறுப்பான கொடி, நேர் நூல் நல்லா இழுத்து இருந்தா சமாளிச்சுக்கும். ஆனா சீசன் முடிஞ்சு காஞ்ச கொடிய நைலான் வலைல இருந்து பிரிச்செடுத்துப் பாத்திருக்கியளா? ஒவ்வொரு கண்ணியிலயும் முறுக்கி இருக்கும், ஒரு நாள் போயிரும், முக்காவாசிப் பேரு வலையோட சேத்து குப்பைல போட்டுருவாங்க. நார்க் கயிறுன்னா கொடியும் கயிறும் சேத்து அறுத்து உரக்குழில போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். அதோட தரையைத் தொடுற மாதிரி வலை கிடந்தா ஓணான், அணில், சில நேரம் பாம்பு கூட மாட்டிக்கிட்டுத் தவிக்கும். அதனாலதான் எனக்கு வலை மேல மனசு போகல. பாகலுக்கு நீங்க போடுங்க, தரையில இருந்து ஒரு அடி தூக்கிக் கட்டிருங்க.

---

யாழ்_வளவு:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் பயித்தங்காய் எண்டு சொல்லுற அந்த நீட்டுக் காராமணிக்கு அனேகமா தடிதான். பாத்தி வழிய நட்டுப்போட்டு ரெண்டு பக்கத்துத் தடியளையும் மேல சாய்ச்சு சேத்துக் கட்டுறது, ஒண்டுக்கொண்டு முண்டு குடுக்கிற மாதிரி நிக்கும், காத்துக்கு விழாது. அவரை வேலியில போடுறது, கிளுவைக் கதியால்ல (வேலிக்கு நடுற உயிர்க் கம்பு) தன்பாட்டில ஏறிப் போகும். மாடியில கதியால் நட ஏலாது தானே, ஆனா அந்த ரெண்டு தடி சாய்ச்சுக் கட்டுற முறை உங்கட பையளுக்கும் சரிவரும். மூண்டு பையை முக்கோணமா வைச்சு ஒவ்வொண்டிலயும் ஒரு தடி, நுனியைச் சேத்து ஒரு கட்டு. பயித்தைக்கும் போஞ்சிக்கும் (நீங்கள் சொல்லுற பீன்ஸ்) அது காணும், போதும். அவரைக்கு காணாது.

தடியை இப்பவே ஊண்டுங்கோ, வேர் இன்னும் பரவினாப் பிறகு குத்தினா வேர் அறுந்துபோம். பையின்ர ஓரத்தால இறக்கினா நல்லது.

---

திருப்பூர்_செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ விவரமா சொல்வீங்கன்னு நினைக்கவே இல்ல. எங்க மாடி விவரம் சொல்றேன் பாருங்க. படிக்கட்டு ரூம் வடக்குப் பக்கமா இருக்கு, அதுக்கு கிழக்க பாத்து ஒரு கிரில் ஜன்னல், மேல சன்ஷேடு. அந்த சுவத்துல இருந்து கிழக்க பத்து அடி காலியா இருக்கு, வடக்குக் கைப்பிடி சுவர் ஓரமா. மேற்குப் பக்கம் தண்ணி டேங்க் இரும்பு ஸ்டாண்டு. மீதி இடத்துல தக்காளி, கத்திரி, கீரை. நான் பந்தலை தெக்குப் பக்கம் போடலாம்னு இருந்தேன், வெயில் நல்லா விழும்னு. சரியாங்க? இன்னொண்ணு, ஜன்னல் கிரில்ல கயிறு கட்டலாமா, அது ஓட்டை போடறதுல சேராதுல்ல?

---

உடுமலை_காட்டான்:

தெக்க போடாதீங்க அம்மணி. அவரை காய்க்கறது கார்த்திகை மார்கழி தை. அப்ப சூரியன் தெக்க சாஞ்சு போகும், பந்தல் தெக்க நின்னா அதோட நெழல் பூராவும் உங்க தக்காளி கத்திரி மேல விழுகும். வடக்கு ஓரத்துல கிழமேக்கா போடுங்க, பந்தலுக்கும் முழு வெயில், மத்ததுக்கும் நெழல் இல்ல. காத்துக்கும் அதுதான் தோது. நம்மூருக்கு ஆடிக்காத்து மேக்க இருந்து வருது, பந்தல் கிழமேக்கா நீட்டி இருந்தா காத்து அகலத்துல அடிக்காம ஓரத்துல உரசிட்டுப் போயிரும். சில பேரு தெக்கு வடக்கா போட்டாத்தான் ரெண்டு பக்கமும் வெயில் படும்பாங்க. பரந்த காட்டுல அது செல்லும், உங்க மாடிக்கு இதுதான் சரி.

ஜன்னல் கிரில் இருந்தா பாதி கவலை தீந்துச்சுங்க. நாலு வாளிய பத்துக்கு நாலு அடி செவ்வகமா வைங்க, நாலு கால் நிமுத்துங்க, தலைல சுத்தி சவுக்குக் கம்பு கட்டிருங்க. மேக்குப் பக்கத்து ரெண்டு காலையும் அந்த ஜன்னல் கிரில்லோட இறுக்கிக் கட்டுங்க, டேங்க் ஸ்டாண்டு எட்டினா அதுலயும் ஒரு கட்டு போடுங்க. கிரில் ஓட்டை போடறதுல சேராது, ஆனா பெயிண்டு உரியாம இருக்க சைக்கிள் டியூப் துண்டு வச்சு அது மேல கட்டுங்க. ஓனர் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க. மேல ஒரு அடிக்கு ஒண்ணா ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பி) இழுத்து விட்டா அது அவரைக்குக் கூரை. வடக்குக் கைப்பிடி சுவர்ப் பக்கமா அடிக்கு ஒரு நார்க் கயிறு தொங்க விடுங்க, அது காராமணிக்கு.

---

பாரிவள்ளல்_பார்ட்2:

அண்ணா ஒரு டவுட். கயிறு தொங்க விட்டா கீழ எங்க கட்டறது? செடி தண்டுலயே கட்டிரலாமா?

---

கொழுகொம்பு:

தண்டுல கட்டாதீங்க. கட்டுனா அப்ப ஒண்ணும் தெரியாது, தண்டு பெருக்கும்போது முடிச்சு இறுகி அறுத்துரும், மேல கொடி வாடுனப்பதான் தெரியும். ஒரு செங்கல்லுல கட்டி பை ஓரத்துல வச்சுருங்க, கயிறு விறைப்பா நிக்கணும். தொளதொளன்னு இருந்தா காத்துக்கு ஊஞ்சலாடி நுனி புடிக்காம போகும்.

கயிறு தொடுற உயரம் வர வரைக்கும் ஒரு கைத்தாங்கல் வேணும்ல, அதுக்குப் பருத்தி மாரோ, சவுக்கு மிலாறோ, இல்லாட்டி தென்னை ஈர்க்கோ மண்ணுல குத்தி விடுங்க. கட்டணும்னா பழைய வேட்டித் துணி கிழிச்சு எட்டு போட்ட மாதிரி கட்டுங்க, ஒரு வளையத்துல கம்பு, ஒரு வளையத்துல தண்டு, நடுவுல துணி குறுக்க வரும், ஒண்ணு மேல ஒண்ணு உராயாது. ஜிஐ கம்பி வெயிலுக்குச் சுடும், கொளுந்து நுனி அது மேல படுத்தா கருகிரும்னு சொல்லுவாங்க. ஆவணி புரட்டாசியில பெருசா பயமில்ல, சித்திரையில காராமணி போட்டா அந்தக் கம்பி மேல நார்க் கயிறு சுத்திக்கிடுங்க.

இன்னொரு விஷயம், கேக்க மறந்துட்டேன். விதை பாக்கெட்ல என்ன ரகம்னு போட்டிருந்துது? கோ 14, அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் இதெல்லாம் குத்து அவரை, செடியாவே நின்னு காய்க்கும், அதுக்குப் பந்தலே தேவையில்ல. டிஷ் வயர்ல ஏறுதுன்னா நிச்சயம் கொடி வகைதான், ஆனா இதைப் படிக்கற மத்தவங்களுக்குச் சொல்றேன், ரகம் பாக்காம வாளி வாங்க ஓடாதீங்க.

---

திருப்பூர்_செல்வி:

பாக்கெட் இல்லீங்க ஐயா, ஊர்ல அம்மா குடுத்த நாட்டு விதை, ஊதா ஓரம் வச்ச பட்டை அவரை. அம்மா வீட்ல முருங்கை மரத்துலதான் ஏத்தி விடுவாங்க. அதுக்குத்தான் ஒரு கேள்வி, கொடி இவ்ளோ ஓடுதே ஒரு மொட்டு கூட வரல, காராமணில பூ தெரிய ஆரம்பிச்சிருச்சு. பந்தல் இல்லாததாலயா?

---

கொழுகொம்பு:

இல்லம்மா, அது பந்தல் குத்தமே இல்ல. நாட்டுக் கொடி அவரை பகல் பொழுது குறைஞ்சாத்தான் பூக்கும். எப்ப விதைச்சாலும் ஐப்பசி கார்த்திகை வராம மொட்டு காட்டாது. சித்திரையில போட்டவங்க ஆறு மாசம் இலையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. காராமணிக்கு அந்தக் கணக்கு அவ்வளவா கிடையாது. நீங்க ஆடியில போட்டது சரியான பட்டம், பொங்கலுக்கு உங்க வீட்டு அவரைக்காய் குழம்புக்கு ஆகும்.

ஆனா இதுல பந்தலுக்கு ஒரு சேதி இருக்கு. பூ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் கொடி சும்மா வளந்துக்கிட்டே இருக்கும், 15 அடிக்கு மேல கூட போகும், அத்தனையும் ஒரே கயித்துல ஏத்த முடியாது. அதான் அவரைக்கு மட்டும் தலைக்கு மேல கூரை. பந்தல் ஏறுற வரைக்கும் பக்கக் கிளைய விடாம ஒத்தைக் கொடியா ஏத்தி, கூரை தொட்டதும் நுனியைக் கிள்ளிருங்க. அங்க இருந்து நாலா பக்கமும் கிளை பிரியும், பூங்கொத்து அதுலதான் நிறைய வரும். காராமணியையும் கயிறு உச்சிக்குப் போனதும் கிள்ளிருங்க, இல்லாட்டி அவரைப் பந்தல்ல புகுந்து ரெண்டும் பின்னிக்கும்.

முருங்கையில ஏத்துறது பழைய வழக்கம், ஆனா அது பொலபொலன்னு ஒடியுற மரம். அவரை மூடி மழையும் காத்தும் வந்தா கிளையோட வரும். கம்பளிப்பூச்சி வேற.

---

உடுமலை_காட்டான்:

பறிக்கறப்ப ஒண்ணு கவனிங்க. அவரைக்கும் சரி காராமணிக்கும் சரி, காய் வந்த காம்புலயே மறுபடி மொட்டு வரும். காய மட்டும் கிள்ளி எடுங்க, கொத்துக் காம்பையே ஒடிச்சு எடுத்துட்டா அடுத்த ஈட்டு போச்சு. எங்கூட்டு பொடுசுக கைல குடுத்தா அப்படித்தான் ஒடிச்சு வெச்சிருவாங்க.

அசுவினிப் பூச்சி வரும், அது வராம அவரை இல்ல. கொளுந்துல கருப்பா அப்பிக்கும், எறும்பு மேல கீழ ஓடுதுன்னா அதுதான். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல், சாயங்காலமா இலைக்கு அடில படற மாதிரி அடிங்க. பந்தல் ஆறு அடில இருந்தா இதும் சுளுவு, கீழ நின்னே அடிச்சரலாம்.

---

யாழ்_வளவு:

செல்வி, அந்த போஞ்சிப் பையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை போல. இஞ்ச போஞ்சி வெலிமடை, நுவரெலியாப் பக்கம்தான் நல்லா வரும், குளிர் வேணும். எங்கட யாழ்ப்பாணச் சூட்டுக்கு பூ கொட்டிப்போம். உங்களுக்கும் அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். இப்ப வந்ததை விடுங்கோ, விதை மிச்சம் இருந்தா மழை தொடங்கி கொஞ்சம் குளிர்ந்தாப் பிறகு இன்னொருக்கா ஊண்டிப் பாருங்கோ.

---

அடையாறு_மாடிப்பச்சை:

ஆமா இதுக்கு நானும் சாட்சி, சென்னைல கொடி பீன்ஸ் கார்த்திகை மார்கழிலதான் நாலு காய் பாக்க முடியும், வெயில் 32 டிகிரி தாண்டுனா பூ நிக்காது. அப்புறம் சார், நார்க் கயிறு ஐடியா இந்த வருஷம் ஒரு பக்கம் ட்ரை பண்றேன், வலை ஒரு பக்கம் இருக்கட்டும், ரெண்டையும் போட்டோ போடுறேன்.

---

திருப்பூர்_செல்வி:

சரிங்க, முடிவு பண்ணிட்டோம். வர்ற ஞாயித்துக்கிழமை வாளி, சவுக்கு எல்லாம் வாங்கப் போறோம். காராமணி மூணு பையையும் சுவர் ஓரமா நகத்தி கயிறு விடறேன், பீன்ஸுக்கு மட்டும் அந்த மூணு குச்சி முக்கோணம் ஒரே பைல. ஓனர் கிட்ட பேசியாச்சு, கிரில்ல கட்டிக்கோங்க ஆனா டிஷ் வயர்ல இருந்து முதல்ல அதை எடுங்கன்னுட்டார். அது நாலடி ஏறிருச்சுங்க, வெட்டிரட்டுமா? மனசே வரல.

---

கொழுகொம்பு:

வெட்ட வேண்டாம். காலையில தண்ணி குடிச்சு விறைப்பா இருக்கும், தொட்டா படக்குனு ஒடியும். மத்தியானம் மூணு நாலு மணிக்கு கொஞ்சம் துவண்டு இருக்கும், அப்ப செய்யுங்க. நுனியில இருந்து ஆரம்பிச்சு, மேல இருந்து பாக்கும்போது கடிகாரத் திசையில பிரிச்சுக்கிட்டே கீழ வாங்க. கீழ இருந்து இழுக்காதீங்க. பிரிச்ச கையோட புதுக் கம்புல அதே பழைய திசையில சுத்தி ரெண்டு மூணு இடத்துல துணிக்கட்டு போடுங்க. நடுவுல ஒடிஞ்சு போனாலும் கவலை இல்ல, கீழ இலைக் கணுவுல இருந்து புதுக் கொடி வந்துரும்.

---

உடுமலை_காட்டான்:

அம்மணி ஒண்ணே ஒண்ணு. வாளியையும் சிமெண்டையும் தனித்தனியா மாடிக்கு ஏத்தி, வைக்கப்போற எடத்துலயே வச்சு ஊத்துங்க. கீழ ஊத்தி காய வச்சுட்டு தூக்கிட்டு ஏறலாம்னு உங்க வீட்டுக்காரர் சொன்னா கேக்காதீங்க.